சிறு நாடுகள் கூடைப்பந்து: பாஸ்போர்ட், பாயிண்ட் வித்தியாசம், ஓய்வு நாள் – தனி இழை

வடக்குவீதி_கார்டு

யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய தேசிய அணிகளின் பெரிய தொடர்) இழையில் நடுநடுவே அன்டோரா, மால்டா, சான் மரீனோ பற்றிக் கேள்வி வருகிறது. பத்துப் பதிவு தள்ளி யாராவது பதில் போடுவதற்குள் பேச்சு செர்பிய நட்சத்திரம் யோக்கிச் பக்கம் போய்விடுகிறது. அதனால் தனி இழை. ஐரோப்பாவின் குட்டி நாடுகள் ஆடும் கூடைப்பந்து மட்டும் இங்கே.

ஆரம்பிக்க நான்கு சந்தேகம். "சிறு நாடு" என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்களை எத்தனை பேர் இறக்கலாம்? மூன்று அணி சமமாக நின்றால் மேலே போவது யார்? கடைசியாக, இதை வென்றால் கோப்பை தவிர என்ன கிடைக்கும்?

தெரிந்தவர்கள் அளவோடும் கணக்கோடும் எழுதுங்கள். "மன உறுதிதான் முக்கியம்" மாதிரியான பதில்களுக்கு வேறு இழை இருக்கிறது.

---

ஷாட்கிளாக்_24

முதல் கேள்வியிலேயே பலர் வழுக்குவார்கள், ஏனென்றால் போட்டி ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று, ஐரோப்பிய சிறு அரசுகளின் விளையாட்டு விழா. ஒலிம்பிக் கமிட்டிகள் நடத்துவது. தடகளம், நீச்சல், ஜூடோ, டேபிள் டென்னிஸ் எல்லாம் உண்டு, கூடைப்பந்து அதில் ஒரு பிரிவு. முதல் விழா 1985-ல் சான் மரீனோவில். ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். 2021-ல் அன்டோராவில் நடக்கவேண்டியது கொரோனாவால் ரத்தானது. 2023 மால்டா, 2025 அன்டோரா. இதற்கு மக்கள்தொகைதான் அளவுகோல்: பத்து லட்சத்துக்குக் கீழே. அன்டோரா, சைப்ரஸ், ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், லக்சம்பர்க், மால்டா, மொனாக்கோ, மான்டினீக்ரோ, சான் மரீனோ என ஒன்பது உறுப்பினர்கள். மான்டினீக்ரோ 2009-ல்தான் உறுப்பினராகச் சேர்ந்தது.

இரண்டாவது, ஃபிபாவின் (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) ஐரோப்பியப் பிரிவு நடத்தும் சிறு நாடுகளுக்கான சாம்பியன்ஷிப். (கால்பந்தின் ஃபிஃபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1988-ல் பிரமோஷன் கப் என்ற பெயரில் தொடங்கியது, கொஞ்ச காலம் டிவிஷன் சி என்றும் ஓடியது. இது கூடைப்பந்து மட்டும். இங்கே "சிறு" என்பதற்கும் மக்கள்தொகைக்கும் சம்பந்தமில்லை. ஐம்பது லட்சம் பேர் உள்ள அயர்லாந்தும் நார்வேயும் ஆடியிருக்கின்றன, மால்டோவா 2016-ல் கிஷினாவில் நடத்தியது. சுமார் 34,000 பேர் உள்ள சான் மரீனோவும் ஜிப்ரால்டரும் அதே தொடரில்தான்.

ஜிப்ரால்டருக்குத் தனி ஒலிம்பிக் கமிட்டி கிடையாது. அதனால் முதல் விழாவுக்கு வர முடியாது, இரண்டாவதற்கு வரலாம். எந்தப் போட்டியைப் பற்றிப் படிக்கிறோம் என்று கண்டுபிடிக்க இதுவே போதும். பட்டியலில் ஜிப்ரால்டர் இருந்தால் ஃபிபா தொடர்.

---

கார்னர்த்ரீ

> "சிறு" என்பதற்கும் மக்கள்தொகைக்கும் சம்பந்தமில்லை

அப்படியென்றால் "கூடைப்பந்தில் சிறிய நாடுகள்" என்று வைத்திருக்கலாமே. நார்வேக்காரர் உயரத்துக்கு சிறு நாடு என்றால் சிரிப்புதான் வருகிறது.

---

ஷாட்கிளாக்_24

உயரம் இருந்து என்ன செய்வது கார்னர்? அங்கே உயரமானவர்கள் ஹேண்ட்பாலுக்கும் பனிச்சறுக்குக்கும் போய்விடுகிறார்கள். 2018-ல் சான் மரீனோவின் செர்ராவல்லே அரங்கில் நடந்த தொடரில் தங்கம் வாங்கியது மால்டா, நார்வே அல்ல. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தும் வேல்ஸும்கூடத் தனித்தனியாக ஆடின. பிற்பாடு பிரிட்டன் என்ற ஒரே அணிக்குள் போய்விட்டதால் இப்போது வருவதில்லை.

---

ஆவணப்பெட்டி

பாஸ்போர்ட் கேள்விக்கு வருகிறேன். குட்டி நாட்டு அணிகளின் பாதித் தலைவலி இதுதான்.

விதி சுருக்கமானது. 16 வயது முடிந்த பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர், அணியின் 12 பேரில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். எந்த வழியில் பெற்றார் என்பது முக்கியமில்லை. திருமணம், வசிப்பிடம், அரசின் சிறப்பு ஆணை, எல்லாம் ஒரே கணக்கு.

வில்லங்கம் அடுத்த வரியில் இருக்கிறது. பிறப்பிலேயே உரிமை இருந்தும் 16 வயதுக்குப் பிறகுதான் அதைக் கோரி எடுத்தவரும் இதே கணக்கில் விழுவார். நியூ ஜெர்சியில் பிறந்த ஒருவரின் தாத்தா மால்டாக்காரர் என்று வையுங்கள். மால்டா சட்டப்படி அவர் குடிமகனாகலாம், அதில் தடையில்லை. ஆனால் 19 வயதில் கல்லூரி அணியில் பெயர் தெரிந்த பிறகு பாஸ்போர்ட் எடுத்தால், ஃபிபா கண்ணில் அவர் அந்த ஒற்றை இடத்துக்கான ஆள். இரண்டாவதாக அதே மாதிரி ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். விதிவிலக்கு கொடுக்க ஃபிபா செயலருக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி அணி கட்டக்கூடாது.

நடைமுறையில் சிக்கும் இடங்கள்:

பாஸ்போர்ட் புதுப்பித்திருப்பார்கள். கையில் இருப்பதில் வழங்கிய தேதி 16 வயதுக்குப் பிறகு இருக்கும், பழையது தொலைந்திருக்கும். அப்போது குடியுரிமை எந்தத் தேதியில் பதிவானது என்று அந்த நாட்டு அரசு தரும் சான்றிதழ் வேண்டும். குட்டி நாட்டில் அதைக் கையெழுத்திடும் அலுவலகம் ஒன்றுதான் இருக்கும், ஆகஸ்டில் அதுவும் விடுமுறையில் இருக்கும். நிரூபிக்கும் பொறுப்பு அந்த நாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்புடையது, வீரருடையது அல்ல.

அடுத்தது, முன்பு வேறு நாட்டுக்கு ஆடியவர்கள். 17 வயது ஆன பிறகு ஒரு நாட்டுக்காக ஃபிபாவின் முக்கிய அதிகாரபூர்வப் போட்டியில் இறங்கிவிட்டால், பிறகு இன்னொரு நாட்டுக்கு மாறுவது கிட்டத்தட்ட மூடிய கதவு. இளையோர் தொடரில் இரண்டே நிமிடம் ஆடியிருந்தாலும் ஆடியது ஆடியதுதான். முகாமுக்கு அழைக்கும் முன் ஸ்கோர்ஷீட்டைத் தேடிப் பார்க்காமல் விமான டிக்கெட் போட்டால் பணம் போச்சு.

---

பெஞ்ச்_ஏழு

அண்ணே ஒரு சந்தேகம். அந்த ஒற்றை இடத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றலாமா? முதல் நாள் ஒரு கார்டு (பந்தைக் கொண்டுவருபவர்), அடுத்த நாள் ஒரு சென்டர் (ரிங்கடியில் நிற்கும் உயரமானவர்) என்று?

---

ஆவணப்பெட்டி

ஒரே ஊரில் நடக்கும் தொடரில் வழி இல்லை தம்பி. டெக்னிக்கல் மீட்டிங்கில் 12 பேர் பட்டியல் உறுதியானால் கடைசி நாள் வரை அதே 12. உள்ளூர்-வெளியூர் என நடக்கும் தகுதிச் சுற்றில் ஒவ்வொரு விண்டோவுக்கும் (தகுதி ஆட்டங்களுக்கு ஒதுக்கிய சில நாட்கள்) பட்டியல் புதிதாகப் போவதால் மாற்ற முடியும்.

---

போஸ்ட்அப்

அந்த ஒற்றை இடத்துக்கு யாரை எடுப்பது என்பதில் என் கட்சி: சென்டர். இந்தத் தொடர்களில் 2.05 மீட்டருக்கு மேல் ஓடத் தெரிந்த ஆள் இருக்கும் அணிகளை விரல்விட்டு எண்ணலாம். ரிங்குக்கு அடியில் ஒருவர் நின்றாலே எதிரணி லே-அப்பை (ரிங் அருகே ஓடிவந்து போடும் ஷாட்) விட்டு வெளியிலிருந்து எறிய ஆரம்பிக்கும்.

---

கார்னர்த்ரீ

நான் கார்டு கட்சி. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் என்றால் மூன்றாம் நாள் சென்டரின் முட்டி பேசும். தவிர, சென்டருக்குப் பந்தைக் கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். முழுக் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க நெருக்கி மறிப்பது) போட்டால் உள்ளூர் கார்டு எட்டு விநாடியில் நடுக்கோட்டைத் தாண்ட முடியாமல் தவிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

---

கணக்குவாத்தியார்

மூன்று அணி சமன் விவகாரத்துக்கு வருவோம். குழு ஆட்டம் முடிந்ததும் இணையத்தில் சண்டை நடப்பது இதில்தான், நிறையப் பேர் மொத்தப் பாயிண்ட் வித்தியாசத்தைப் பார்த்துத் தப்பாகச் சொல்கிறார்கள்.

முதலில் பட்டியல் புள்ளி: வெற்றிக்கு 2, தோல்விக்கு 1, ஆட வராமல் விட்டுக்கொடுத்தால் 0. தோற்றவருக்கும் 1 இருப்பதே, வந்து ஆடு என்பதற்குத்தான். விட்டுக்கொடுத்த ஆட்டத்தின் ஸ்கோர் 20–0.

புள்ளி சமமானால் வரிசை இது. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து: (1) அவற்றில் யாருக்கு வெற்றி அதிகம், (2) அவற்றில் பாயிண்ட் வித்தியாசம், (3) அவற்றில் அடித்த பாயிண்ட். அதிலும் தீராவிட்டால் மட்டுமே (4) குழுவின் எல்லா ஆட்டங்களின் வித்தியாசம், (5) எல்லா ஆட்டங்களிலும் அடித்த பாயிண்ட்.

கற்பனைக் கணக்கு ஒன்று. நான்கு அணிக் குழு, முதல் இரண்டு அணி அரையிறுதிக்கு. மஞ்சள் மூவரிடமும் தோற்றுவிட்டது. சிவப்பு நீலத்தை 80–72 என வென்றது. நீலம் பச்சையை 79–69 என வென்றது. கடைசி ஆட்டம் சிவப்பு–பச்சை. பச்சை வென்றால் மூவருக்கும் 5 புள்ளி.

பச்சை எத்தனை பாயிண்டில் வெல்கிறது என்பதை வைத்து எல்லாம் மாறும். நீலத்தின் கணக்கு ஏற்கெனவே முடிந்தது: −8, +10, ஆக +2.

பச்சை 5 பாயிண்டில் வென்றால் சிவப்பு +3, நீலம் +2, பச்சை −5. சிவப்பே முதலிடம்.
6-ல் வென்றால் சிவப்பும் நீலமும் +2. சமன் இரண்டு அணியாகச் சுருங்கியதால் வரிசையை மறுபடி மேலிருந்து தொடங்க வேண்டும். நேரடி ஆட்டத்தில் சிவப்பு வென்றது, சிவப்பு முதலிடம்.
7 அல்லது 8 என்றால் நீலம் முதல், சிவப்பு இரண்டு.
9 என்றால் சிவப்பு −1, பச்சை −1. நேரடி ஆட்டத்தில் பச்சை வென்றது. சிவப்பு வெளியே.
13 என்றால் பச்சையே முதலிடம்.

ஆக, சிவப்பு 8 பாயிண்டில் தோற்றால் அரையிறுதி, 9-ல் தோற்றால் வீட்டுக்கு. மஞ்சளை அது 40 பாயிண்டில் வென்றிருந்தாலும் ஒரு பைசாவுக்கு உதவாது. கடைசி நிமிடத்தில் 8 பாயிண்ட் பின்தங்கியிருக்கும் அணி ஃபவுல் செய்யாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "ஏன் முயற்சியே செய்யவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

---

ரெய்க்யவிக்_ரசிகன்

இதற்கு நிஜ உதாரணம் ஐஸ்லாந்து–ஜார்ஜியா. 2023 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ரெய்க்யவிக்கில் ஜார்ஜியா 88–85 என வென்றது. 2023 பிப்ரவரியில் திபிலிசியில் மறு ஆட்டம். ஐஸ்லாந்து நான்கு பாயிண்டில் வென்றால் உலகக் கோப்பை.

வென்றது 80–77. மூன்று.

ஆளுக்கு ஒரு வெற்றி, வித்தியாசம் பூஜ்யம், அடித்த பாயிண்ட் இரு பக்கமும் 165. வாத்தியார் சொன்ன முதல் மூன்று படியும் கைவிரித்தன. நான்காம் படியில் ஜார்ஜியா முன்னே இருந்தது. அவர்களுக்கு அது முதல் உலகக் கோப்பை.

---

கணக்குவாத்தியார்

அதில் ஒரு நுணுக்கம். இரண்டே அணி, இரண்டே ஆட்டம், வித்தியாசம் பூஜ்யம் என்றால் அடித்த பாயிண்டும் தானாகவே சமமாகிவிடும். மூன்றாம் படி அங்கே அலங்காரம்தான். மூன்று அணி சமனில்தான் அதற்கு வேலை.

---

பெஞ்ச்_ஏழு

அப்போது திபிலிசியில் கடைசி நொடியில் ஐஸ்லாந்து தன் கூடையிலேயே பந்தைப் போட்டு, ஆட்டத்தைச் சமனாக்கி, ஓவர்டைமில் நான்கு பாயிண்டில் ஜெயிக்க முயன்றிருக்கலாமே?

---

டேபிள்_மேசை

முடியாது. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் அது வயலேஷன், கூடை செல்லாது, பந்து எதிரணிக்கு. தவறுதலாக விழுந்தால் மட்டுமே கணக்கில் ஏறும், ஸ்கோர்ஷீட்டில் கோர்ட்டில் இருக்கும் எதிரணி கேப்டன் பெயரில். (மூன்று பாயிண்டை ஒரு கூடையில் சமனாக்கவும் முடியாது, அதை விடுங்கள்.)

ஓவர்டைம் பற்றி இன்னொன்று: 5 நிமிடம், ஆளுக்கு ஒரு டைம்-அவுட், நான்காம் குவார்ட்டரின் டீம் ஃபவுல் (அணி மொத்தமாகச் செய்த ஃபவுல்) எண்ணிக்கை அப்படியே தொடரும். அதனால் ஏற்கெனவே ஐந்தைத் தொட்ட அணிக்கு ஓவர்டைமின் முதல் ஃபவுலே இரண்டு ஃப்ரீ த்ரோ. ஏழு பேரை வைத்துச் சுழற்றும் அணிகள் இங்கேதான் உடைகின்றன.

---

வடக்குவீதி_கார்டு

ஐந்து அணி வந்தால் என்ன செய்வார்கள்? 2021-ல் டப்ளினில் அயர்லாந்து, அன்டோரா, மால்டா, ஜிப்ரால்டர், சான் மரீனோ என ஐந்துதானே?

---

கணக்குவாத்தியார்

ஐந்து என்றால் எல்லோரும் எல்லோருடனும் ஆட 10 ஆட்டம், ஐந்து நாள், நாளுக்கு இரண்டு ஆட்டம், தினமும் ஒரு அணிக்கு ஓய்வு. பொதுவாக அட்டவணை போடும் முறை:

நாள் 1: 2–5, 3–4 (1 ஓய்வு)
நாள் 2: 1–4, 2–3 (5 ஓய்வு)
நாள் 3: 5–3, 1–2 (4 ஓய்வு)
நாள் 4: 4–2, 5–1 (3 ஓய்வு)
நாள் 5: 3–1, 4–5 (2 ஓய்வு)

பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஓய்வு நாள் எங்கே விழுகிறது என்பதில் பெரிய வித்தியாசம். 1-ஆம் எண் முதல் நாள் சும்மா இருந்துவிட்டுத் தொடர்ந்து நான்கு நாள் ஆட வேண்டும். அந்த ஓய்வால் பயனே இல்லை. 4-ஆம் எண்ணுக்கு இரண்டு ஆட்டம், ஓய்வு, இரண்டு ஆட்டம். இதுதான் ராஜயோகம். 2-ஆம் எண் கடைசி நாள் கேலரியில் உட்கார்ந்து மற்றவர்கள் தன் தலையெழுத்தை எழுதுவதைப் பார்க்கும். கடைசி நாள் இரண்டாவது ஆட்டம் ஆடும் அணிகளுக்கோ எத்தனை பாயிண்ட் வேண்டும் என்பது கையில் எழுதி வைத்த மாதிரி தெரியும்.

தொடரை நடத்தும் நாடு தனக்குப் பிடித்த நேரத்தையும் எண்ணையும் கேட்டு வாங்கும் இடம் இருந்தால் 4-ஐத்தான் கேட்கும். நான் கோச்சாக இருந்தால் எதிரணியின் ஆட்ட வீடியோவைவிட இந்தத் தாளைத்தான் முதலில் கேட்பேன்.

ஆறு அணி என்றால் 15 ஆட்டம், ஐந்து நாள், நாளுக்கு மூன்று. யாருக்கும் ஓய்வே கிடையாது.

---

போஸ்ட்அப்

அந்த ஆறு அணி நிலையில் நிமிடக் கணக்கு பார்த்தால் பயமாக இருக்கும். ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம், ஐந்து பேர், 200 ஆள்-நிமிடம். ஐந்து நாளில் 1,000. பத்துப் பேரைச் சமமாகச் சுழற்றினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 நிமிடம். ஏழு பேரை மட்டும் நம்பினால் 28-க்கு மேல். நட்சத்திர ஆட்டக்காரரை 36 நிமிடம் வைத்தால் ஐந்து நாளில் 180 நிமிடம், அதாவது நான்கரை முழு ஆட்டம், இடையில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல். முழுநேரத் தொழில்முறை வீரருக்கே இது அதிகம். இங்கே பலர் பகலில் வேலைக்கோ கல்லூரிக்கோ போகிறவர்கள், அலுவலகத்தில் ஆண்டு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவர்கள்.

களைப்பு முதலில் தெரியும் இடம் ஓட்டத்தில் அல்ல, ஜம்ப் ஷாட்டில். கால் தளர்ந்தால் பந்து ரிங்கின் முன் விளிம்பில் இடிக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஷாட்டுகள் தொடர்ந்து குட்டையாக விழுகின்றனவா பாருங்கள். அடுத்தது பாக்ஸ்-அவுட் (ரீபவுண்டுக்கு எதிராளியை உடலால் மறித்து நிற்பது). மூன்றாவது, கையால் எட்டிப் பிடிக்கும் ஃபவுல்.

அதனால்தான் பாதி அணிகள் 2–3 ஜோனுக்கு (ஆளை விட்டு இடத்தைக் காப்பது: முன்னால் இருவர், ரிங்கடியில் மூவர்) போகின்றன. ஓட்டம் குறையும், ஃபவுல் குறையும், உயரம் இல்லாததை மறைக்கலாம். விலை என்னவென்றால் கார்னர். மூன்று பாயிண்ட் கோடு மேலே 6.75 மீட்டர், கார்னரில் 6.60 மீட்டர்தான். ஜோனின் கீழ் வரிசை ஆள் அங்கே போய்ச் சேர்வதற்குள் பந்து கையை விட்டிருக்கும். ஹை-போஸ்டில் (ஃப்ரீ த்ரோ கோட்டருகே) பாஸ் செய்யத் தெரிந்த ஒருவரை நிறுத்தினால் ஜோன் கலைந்துவிடும். இந்த மட்டத்தில் அப்படி ஒருவர் எதிரணியில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி, பெரும்பாலும் இருப்பதில்லை.

---

டேபிள்_மேசை

ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், ஸ்கோரும் நேரமும் கவனிக்கும் மேசையை யாரும் கண்டுகொள்வதில்லை. சிறிய தொடர்களில் ஆட்டம் நின்றுபோவதற்கு முக்கால்வாசிக் காரணம் மேசையும் அரங்கும்தான்.

அரங்கு: கோர்ட் 28 க்கு 15 மீட்டர், சுற்றிலும் 2 மீட்டர் காலி இடம், 7 மீட்டர் உயரம் வரை எந்தத் தடையும் கூடாது. குட்டி நாடுகளின் அரங்குகள் பலவும் ஹேண்ட்பால், வாலிபால், ஃபுட்சால் எல்லாவற்றுக்கும் பொது. ஐந்து நிறக் கோடு தரையில் இருக்கும். தொலைவிலிருந்து பார்க்கும் ரெஃப்ரிக்கு மூன்று பாயிண்ட் கோடு எது, ஹேண்ட்பால் கோடு எது என்று குழம்பாமல் இருக்க, மற்ற கோடுகளை மறைக்க வேண்டும். டேப் ஒட்டினால் கால் சறுக்காத டேப்பாக இருக்கட்டும்.

ரிங்: தரையிலிருந்து 3.05 மீட்டர். ஆட்டத்துக்கு முன் நான்கு பக்கமும் ஸ்பிரிட் லெவல் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அளந்தால் போதாது. உதிரி ரிங், உதிரி வலை, முடிந்தால் உதிரி போர்டும்.

பந்து: ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6. 1.80 மீட்டரிலிருந்து விட்டால் பந்தின் அடிப்பகுதி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் எழ வேண்டும். பெட்டியிலிருந்து நேராக எடுத்த புதுப் பந்து வழுக்கும், டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுப்பது) எகிறும். சில நாள் பயிற்சியில் பழக்கிய பந்துதான் ஆட்டத்துக்கு ஏற்றது.

இனி ஷாட் கிளாக் (ஷாட் எறிய மீதியுள்ள விநாடியைக் காட்டும் கடிகாரம்). உள்ளூர் லீகில் பழகிய ஆபரேட்டர் தவறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: 24-ஆ, 14-ஆ? ஷாட் ரிங்கில் பட்டு, எறிந்த அணியே மறுபடி பிடித்தால் 14. எதிரணி பிடித்தால் 24. முன் கோர்ட்டில் டிஃபென்ஸ் ஃபவுல் செய்து பக்கவாட்டில் பந்து தந்தால், கிளாக்கில் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே விட வேண்டும், 13 அல்லது கீழே என்றால் 14 ஆக்க வேண்டும். ரிங்கில் படாத ஷாட்டுக்கு ரீசெட் இல்லவே இல்லை, கிளாக் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போர்டில் மட்டும் பட்டுத் திரும்பிய பந்துக்கு அவசரப்பட்டு 14 அழுத்துவதுதான் நான் சொல்லும் தவறு. விரல் பொத்தான் மேல் இருக்கட்டும், கண் ரிங்கில் இருக்கட்டும், ஸ்கோர்போர்டில் அல்ல.

இன்னொன்று பொசெஷன் அம்பு (அடுத்து பந்து எந்த அணிக்கு என்று மேசையில் காட்டுவது). முதல் பாதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறுவதால் அம்பையும் திருப்ப வேண்டும். மறந்தால் மூன்றாம் குவார்ட்டரின் முதல் பந்தே தவறான அணிக்குப் போகும், பிறகு கோச் மேசைக்கு வந்து நிற்பார்.

---

கீழ்த்தளம்

நான்காவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே: வென்றால் என்ன கிடைக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தப் பெரிய தொடருக்கும் இது நேரடி டிக்கெட் அல்ல. அதற்காக இதைத் தாழ்வாகப் பேச மாட்டேன். தகுதிச் சுற்று விண்டோ என்றால் நவம்பரிலும் பிப்ரவரியிலும் பறக்க வேண்டும், சொந்த மண்ணில் ஃபிபா அளவுக்கு அரங்கு, ரெஃப்ரிகளுக்கு ஹோட்டல், ஒளிபரப்பு என எல்லாச் செலவும் உங்கள் தலையில். சான் மரீனோ அளவு நாடு அதைச் செய்து 40 பாயிண்டில் தோற்று என்ன கற்றுக்கொள்ளும்? இங்கே ஒரே வாரம், ஒரே ஊர், நான்கைந்து ஆட்டம், அதில் பாதியாவது வெல்லக்கூடியவை.

---

ரெய்க்யவிக்_ரசிகன்

கீழ்த்தளம் சார், ஐஸ்லாந்து அப்படி நினைத்திருந்தால் 2014-ல் பிரிட்டனை உள்ளூரிலும் லண்டனிலும் வென்றிருக்காது. 2015-ல் மூன்று லட்சத்து முப்பதாயிரம் பேர் உள்ள நாடு பெர்லினில் ஸ்பெயின், செர்பியா, இத்தாலி, துருக்கி, ஜெர்மனி இருந்த குழுவில் நின்றது. 2022-ல் இத்தாலியை இரண்டு ஓவர்டைமுக்குப் பிறகு 107–105 என வென்றது. ஓவர்டைம் விதி பற்றி மேலே மேசைக்காரர் சொன்னதை வைத்து அந்த ஆட்டத்தின் ஃபவுல் கணக்கைப் பாருங்கள்.

---

கீழ்த்தளம்

யூரோபாஸ்கெட் இறுதிச் சுற்றில் 2015, 2017, 2025 மூன்றிலும் சேர்த்து ஐஸ்லாந்தின் கணக்கு என்ன?

---

ரெய்க்யவிக்_ரசிகன்

15 ஆட்டம், 15 தோல்வி. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதில் துருக்கியுடன் ஓவர்டைம் வரை போனதும் இருக்கிறது, கடைசிக் குவார்ட்டர் வரை கையில் இருந்த ஆட்டங்களும் இருக்கின்றன. 2014-லிருந்து ஒரே கோச், கனடாக்காரரான கிரெய்க் பெடர்சன். அதுதான் நான் சொல்ல வருவது. கூட்டமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றவில்லை.

---

ஷாட்கிளாக்_24

இருவருக்கும் நடுவே அயர்லாந்தை வையுங்கள். கடன் சுமையால் 2010-ல் சீனியர் அணிகளையே மூடியது. 2016-ல் இந்தச் சிறு நாடுகள் தொடர் வழியாகத்தான் திரும்பி வந்தது. 2021-ல் டப்ளினில் சொந்த அரங்கில் சாம்பியன். அதன் பிறகு யூரோபாஸ்கெட் 2025-க்கான முன்-தகுதிச் சுற்றில் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, சைப்ரஸ் உள்ள குழு. கோப்பை டிக்கெட் தரவில்லை. மேலே ஏறலாமா என்று பரிசோதிக்கும் இடம் தந்தது. செலவைத் தாங்கும் கூட்டமைப்பு ஏறும், தாங்காதது இங்கேயே ஆடும். இரண்டிலும் தப்பில்லை.

---

கார்னர்த்ரீ

அன்டோரா கதை இதைவிட விசித்திரம். எண்பதாயிரம் சொச்சம் பேர் உள்ள நாட்டின் கிளப் ஸ்பெயின் லீகில் ரியல் மாட்ரிட்டோடும் பார்சிலோனாவோடும் ஆடுகிறது. மொனாக்கோ கிளப் 2025-ல் யூரோலீக் இறுதி ஆட்டம் வரை போய் ஃபெனர்பாச்சேயிடம் தோற்றது. ஆனால் அந்த கிளப்புகளில் ஆடுவது வெளிநாட்டு வீரர்கள், தேசிய அணிக்கு அதனால் ஆள் கிடைப்பதில்லை. அன்டோராவில் பிறந்த கினோ கோலோம் 2019 உலகக் கோப்பையை வென்றது ஸ்பெயின் சட்டையில்.

---

ஆவணப்பெட்டி

எதிர்த்திசை உதாரணம் கேப் வெர்டி. ஐரோப்பா இல்லைதான், ஆனால் சொல்லாமல் விட முடியாது. சுமார் ஆறு லட்சம் பேர். 2023 உலகக் கோப்பைக்கு வந்தபோது அதுவரை வந்த நாடுகளிலேயே சிறியது. ஒகினாவாவில் வெனிசுவேலாவை 81–75 என வென்றது. நடுவில் 2.20 மீட்டர் எடி டவாரெஸ். மற்றவர்களில் பலர் போர்ச்சுகலிலும் அமெரிக்காவிலும் உள்ள புலம்பெயர் குடும்பங்களிலிருந்து. பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பாஸ்போர்ட் எடுத்து வைத்த குடும்பங்கள் உள்ள நாட்டுக்கு அந்த 16 வயது விதி சுவர் அல்ல. குட்டி நாட்டுக் கூட்டமைப்புகள் ஸ்கவுட்டுக்குச் செலவிடுவதில் கொஞ்சத்தை, வெளிநாட்டில் உள்ள தங்கள் சங்கங்களுக்கு "12 வயதிலேயே பதிவு செய்யுங்கள்" என்று கடிதம் போடச் செலவிட்டால் பலன் அதிகம்.

---

பெஞ்ச்_ஏழு

கடைசியாக ஒன்று அண்ணன்மாரே. 12 பேர் தேறாத நாடு 3-க்கு-3 பக்கம் போய்விடலாமே?

---

டேபிள்_மேசை

போகிறார்கள். நான்கு பேர் போதும், அரைக் கோர்ட், 10 நிமிடம் அல்லது 21 பாயிண்ட், ஷாட் கிளாக் 12 விநாடி. ஆனால் ஐந்து பேர் ஆட்டத்து சென்டரை அப்படியே தூக்கி அங்கே போட்டால் திணறுவார். கூடை விழுந்ததும் விசில் இல்லாமல் ஆட்டம் தொடரும், பந்தை எடுத்து வளைவுக்கு வெளியே கொண்டு போக வேண்டும், மூச்சு வாங்க இடமே இல்லை. பந்தும் வேறு: அளவு 6, எடை 7. இரண்டிலும் ஒரே ஆட்களை வைத்து ஒரே கோடையில் ஆட நினைக்கும் கூட்டமைப்பு, போஸ்ட்அப் மேலே போட்ட நிமிடக் கணக்கை இன்னொரு தரம் படிக்கட்டும்.